டப்ளின் பப்புக்குப் போகும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டப்ளினுக்குப் படிக்க வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த பெற்றோர் என்று பலரும் கேள்விகள் அனுப்புகிறார்கள். அவற்றில் பழைய பப்களைப் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் குடிக்கமாட்டேன், சைவம் வேறு. எனக்கு பப்பில் என்ன வேலை இருக்கிறது?

நிறைய இருக்கிறது. நல்ல பழைய பப்பில் நடப்பது முக்கால்வாசி பேச்சுதான். உங்கள் கையில் என்ன கிளாஸ் இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். டீ கேட்டால் பல இடங்களில் ஒரு சின்னக் கெட்டிலிலேயே பாலோடு கொண்டுவந்து வைப்பார்கள். ராக் ஷாண்டி கேட்டுப் பாருங்கள்: ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்த குளிர்பானம், அதில் மது கிடையாது. அயர்லாந்தின் கறுப்பு பியரான கின்னஸில் ஆல்கஹால் நீக்கிய 0.0 வகையும் இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது.

சாப்பாட்டில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். டோஸ்டட் ஸ்பெஷல் என்ற சாண்ட்விச்சில் ஹாம், சீஸ், தக்காளி, வெங்காயம் இருக்கும். ஹாம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்ததா என்று கேட்பது நல்லது. சில பழைய பப்களில் சமையலறையே கிடையாது. அங்கே டேட்டோ சிப்ஸ் பாக்கெட்டுதான் துணை.

கேள்வி: டப்ளினில் இரண்டே நாள் இருப்போம். எல்லோரும் டெம்பிள் பார் என்கிறார்கள். அங்கேதான் போகவேண்டுமா?

ஒரு சுற்று நடந்து பாருங்கள், படம் எடுங்கள், உட்கார வேறு இடம் தேடுங்கள். டெம்பிள் பார் என்பது பப்கள் நிறைந்த ஒரு பகுதி; அதன் நடுவில் பயணிகள் கூட்டமும் விலையும் அதிகம். அந்தப் பகுதியின் ஓரத்திலேயே, ஃப்ளீட் தெருவில், 1823-இல் தொடங்கிய பேலஸ் பார் இருக்கிறது. பத்திரிகையாளர்களும் எழுத்தாளர்களும் கூடிய இடம். முன்பக்கத்து நெரிசலைத் தாண்டி, கூரையில் கண்ணாடி பதித்த பின்னறைக்குப் போய் உட்காருங்கள்.

டேம் கோர்ட் சந்தில் ஸ்டாக்ஸ் ஹெட் இருக்கிறது. இப்போது பார்க்கும் கட்டடம் 1895-இல் கட்டியது. பாடம் செய்த கலைமான் தலை, வண்ணக் கண்ணாடி, செதுக்கிய மரவேலை என்று விக்டோரியா காலத்து ஆடம்பரம் அப்படியே நிற்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது சவுத் ஆன் தெருவின் கெஹோஸ். இங்கே பப்பும் மளிகைக் கடையும் ஒன்றாக இருந்த காலத்தின் மர இழுப்பறைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. மாடிக்குப் போனால் பழைய உரிமையாளர் குடியிருந்த அறைகள். யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் உணர்வு வரும்.

இரண்டாம் நாள் மதியம் நேரம் கிடைத்தால் நகரின் வடக்கே உள்ள கிளாஸ்நெவின் போய்விட்டு வாருங்கள். கல்லறைத் தோட்டத்தின் பழைய வாசலை ஒட்டி, 1833-லிருந்து நடக்கும் ஜான் கவனாவின் பப். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் கிரேவ்டிகர்ஸ், அதாவது குழிவெட்டிகள். டிவி கிடையாது, பாட்டு கிடையாது. பக்கத்து மேசைப் பேச்சும் பலகைத் தரையில் காலடிச் சத்தமும்தான் காதில் விழும். பயணிகளுக்காக எதையும் மாற்றாத பப் எப்படி இருக்கும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

எங்கே போவதானாலும் வாரநாள் பிற்பகல் மூன்று மணிவாக்கில் போங்கள். வெள்ளி இரவு எட்டு மணிக்குப் போனால் மரவேலையும் தெரியாது, பேச்சும் கேட்காது.

கேள்வி: மேசையில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், யாருமே வரவில்லை. இந்தியர் என்பதாலா?

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய பப்களில் பெரும்பாலும் மேசைக்கு வந்து ஆர்டர் எடுக்கும் வழக்கமே இல்லை. கவுண்டருக்குப் போய் நீங்கள்தான் கேட்கவேண்டும். வரிசையும் கிடையாது, ஆனால் யாருக்கு அடுத்து யார் என்ற கணக்கு கவுண்டருக்குப் பின்னால் நிற்பவரின் தலைக்குள் இருக்கும். அவர் கண்ணில் படும்படி நின்றால் போதும். நோட்டை ஆட்டுவது, விரல் சொடுக்குவது, கூப்பிடுவது எதுவும் வேண்டாம். உங்களுக்கு முன்னால் வந்தவரை விட்டுவிட்டு உங்களைக் கேட்டால், "இவர்தான் முதலில்" என்று கையைக் காட்டுங்கள். அந்த ஒரு செயலுக்கே அங்கே தனி மரியாதை உண்டு.

பெரும்பாலும் கிளாஸ் கைக்கு வந்ததும் காசு கொடுத்துவிட வேண்டும். கவுண்டரில் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. விலைப் பட்டியலை வாசலருகே வைக்கவேண்டும் என்பது அயர்லாந்தில் சட்டம், அதனால் ஆர்டர் சொல்லும் முன்பே பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரு கின்னஸ் ஊற்ற ஏன் இவ்வளவு நேரம்? அதில் மீன் சேர்க்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

கவுண்டர் பக்கத்திலேயே நின்று ஒருமுறை முழுதாகப் பாருங்கள். கிளாஸை 45 டிகிரி சாய்த்துப் பிடித்து முக்கால் அளவுக்கு ஊற்றுவார். பிறகு அதைத் தட்டின்மேல் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். இப்போதுதான் பார்க்கவேண்டிய காட்சி: காபி நிறத்தில் கலங்கியிருப்பது கண்ணாடியை ஒட்டி அலை அலையாகக் கீழே இறங்கும். நடுவில் குமிழிகள் மேலே ஏறும்போது ஓரத்தில் திரவம் கீழே வருகிறது, வரும்போது பொடிக் குமிழிகளையும் இழுத்துக்கொண்டு வருகிறது. மெல்ல மெல்ல அடியிலிருந்து கறுத்து, மேலே வெண்ணெய் நிறத்தில் நுரை பிரியும். முழுதாக அடங்கியதும் திரும்பி வந்து மீதியை ஊற்றுவார். விளிம்புக்குச் சற்று மேலே நுரை மேடு கட்டி நிற்கும். நிறுவனம் இதற்குச் சொல்லும் நேரம் 119.5 விநாடி.

பெரும்பாலான பியர்களில் கரியமில வாயு மட்டும்தான். இதில் அதோடு நைட்ரஜனும் சேர்ப்பதால்தான் குமிழிகள் அவ்வளவு சிறியவை, நுரை அவ்வளவு அடர்த்தி. நிறம் வறுத்த பார்லியால் வருவது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கறுப்புக்குள் கருஞ்சிவப்பு தெரியும். ஆல்கஹால் 4.2 சதவீதம்தான், பார்வைக்குத்தான் கனம்.

மீன் விஷயம் முன்பு உண்மை. தெளிய வைக்க மீனின் காற்றுப் பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்தி வந்தார்கள். இப்போது வடிகட்டும் முறையை மாற்றிவிட்டதால் அது இல்லை.

கேள்வி: ஆபீஸ் நண்பர்களோடு போனேன், ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்குகிறார்கள். நான் ஆரஞ்சு ஜூஸ் மட்டும்தான் குடித்தேன். நானும் வாங்கவேண்டுமா?

அவர்கள் வாங்கித் தந்ததைக் குடித்திருந்தால், ஆமாம். இப்படி முறைவைத்து எல்லோருக்கும் வாங்கும் ரவுண்டு அங்கே எழுதாத சட்டம். யாரும் வாய் திறந்து கேட்கமாட்டார்கள், ஆனால் நினைவில் வைத்திருப்பார்கள். கூட்டம் பெரிதாக இருந்தாலோ சீக்கிரம் கிளம்பவேண்டியிருந்தாலோ, "நான் எனக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் ஒரு சங்கடமும் இல்லை.

கேள்வி: ஸ்னக் என்றால் என்ன? ஒரு பெண் தனியாகப் போய் உட்காரலாமா?

கவுண்டரை ஒட்டி மரத் தடுப்பும் மங்கலான கண்ணாடியுமாக அடைத்த சின்ன அறைதான் ஸ்னக். உள்ளிருந்தே வாங்கிக்கொள்ள கவுண்டர் பக்கம் ஒரு சிறு திறப்பு இருக்கும். பெண்கள் வெளிப்படையாக பாரில் உட்கார முடியாத காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடம் இதுதான். 1970-களில்கூட பெண்ணுக்கு முழு பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று அதிகம்) பியர் ஊற்ற மறுத்து அரை பைண்ட் நீட்டிய பப்கள் இருந்தன. பெண் என்பதற்காகச் சேவை மறுப்பதை 2000-ஆம் ஆண்டின் சம அந்தஸ்துச் சட்டம் தடை செய்தது.

இன்று தாராளமாகத் தனியாகப் போகலாம். பகலில் புத்தகத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பது அங்கே சாதாரணக் காட்சி. பேக்கட் தெருவின் டோனர்ஸில் உள்ள ஸ்னக் அழகானது, காலியாக இருந்தால் விடாதீர்கள். பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் போனால் கிரவுன் சலூன் என்ற பப்பையும் பாருங்கள். பத்து ஸ்னக்குகள், ஆளைக் கூப்பிட மணி, தீக்குச்சி உரச உலோகத் தகடு, எல்லாம் அப்படியே இருக்கின்றன. 1978 முதல் பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு அதைப் பாதுகாக்கிறது. அங்கே பவுண்டு செல்லும், யூரோ அல்ல.

கேள்வி: உண்மையான நாட்டுப்புற இசை எங்கே கேட்கலாம்?

டப்ளினின் ஸ்மித்ஃபீல்ட் பகுதியில் உள்ள காபிள்ஸ்டோன் பப்பில். வாசலை ஒட்டிய மேசையைச் சுற்றி ஃபிடிலும் புல்லாங்குழலும், முழங்கையால் காற்றடித்து வாசிக்கும் இல்லியன் பைப்ஸும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மேடை இல்லை, மைக் இல்லை. தங்களுக்குள் வாசிக்கிறார்கள், நாம் பக்கத்தில் இருக்கிறோம், அவ்வளவுதான். அந்த நாற்காலிகள் காலியாக இருந்தாலும் உட்காராதீர்கள். யாராவது துணையின்றித் தனியாகப் பாடத் தொடங்கினால் பேச்சை நிறுத்திவிடுங்கள். 2021-இல் அந்த இடத்தில் ஹோட்டல் கட்ட விண்ணப்பம் வந்தபோது ஊரே தெருவுக்கு வந்து எதிர்த்தது. நகராட்சி அனுமதி மறுத்தது. அந்த மேசை இன்னும் இருப்பதற்கு அந்த மக்களுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

கேள்வி: குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா? எப்போது மூடுவார்கள்?

பெற்றோருடன் இரவு 9 மணி வரை கூட்டிப்போகலாம், மே முதல் செப்டம்பர் வரை 10 மணி வரை. ஆனால் குழந்தைகளைச் சேர்க்காத பப்களும் உண்டு, வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக திங்கள் முதல் வியாழன் வரை இரவு 11.30-க்கும், வெள்ளி, சனியில் 12.30-க்கும், ஞாயிறன்று 11-க்கும் விற்பனை முடியும். கையில் இருப்பதைக் குடித்து முடிக்க அதற்குமேல் அரை மணி நேரம் தருவார்கள். புனித வெள்ளியன்று மூடும் சட்டம் 2018-இல் போய்விட்டது. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் திறக்கமாட்டார்கள், அந்த நாளுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.