கூரை வழியே வெளிச்சம்: வீடு கட்டுவோர் கேள்வி–பதில்

கேள்வி: மதுரையில் 20 அடி அகலமும் 50 அடி நீளமும் உள்ள மனையில் வீடு கட்டி வருகிறோம். இரு புறமும் பக்கத்து வீட்டுச் சுவர்கள் ஒட்டி நிற்பதால், 12 அடிக்கு 14 அடி அளவுள்ள நடுக்கூடத்துக்கு ஜன்னல் வைக்க வழியில்லை. கூரையில் 4 அடிக்கு 4 அடி திறப்பு விட்டுக் கண்ணாடி பதிக்கலாம் என்கிறார் பொறியாளர். பாலிகார்பனேட் போட்டால் செலவும் குறைவு, உடையவும் செய்யாது என்கிறார் என் கொழுந்தனார். இவற்றில் எது சரி?
– வாசகி, மதுரை

பதில்: கண்ணாடியா, பாலிகார்பனேட்டா என்ற கேள்வி இரண்டாவதாக வர வேண்டியது. திறப்பு எவ்வளவு பெரியது, அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கிறது. அந்த வேளையில் படுக்கைவசமாக இருக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது சுமார் 1,000 வாட் வெப்பம் விழுகிறது. உங்கள் பொறியாளர் சொல்லும் 16 சதுர அடித் திறப்பில் சாதாரணத் தெளிந்த கண்ணாடியைக் கிடைமட்டமாகப் பதித்தால், கோடை நண்பகலில் ஏறத்தாழ 1,200 வாட் வெப்பம் கூடத்துக்குள் இறங்கும். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அது. வெளிச்சத்துக்காகத் திறந்த வழியைப் பிறகு திரை போட்டு மூடிவைத்திருக்கும் வீடுகள் பல; பெரும்பாலும் காரணம் இதுதான்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை நமக்குப் பஞ்சமே இல்லை. கோடை நண்பகலில் வெட்டவெளியில் 1 லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு ஒளி இருக்கிறது. கூடத்தில் அமர்ந்து படிக்க 300 லக்ஸ் போதும். ஆகவே 168 சதுர அடிக் கூடத்துக்கு 4 முதல் 6 சதுர அடி வரையிலான கண்ணாடிப் பரப்பே தாராளம். குளிர்நாடுகளில் எடுத்த படங்களைப் பார்த்துக் கூரையின் பாதியைக் கண்ணாடியாக்க நினைப்பவர்களிடம் இதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அங்கே வெயிலை உள்ளே வரவழைக்க வேண்டிய தேவை இருக்கிறது, நமக்கு அது இல்லை.

உங்கள் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது, தளத்தில் திறப்பு விட்டு அதைச் சுற்றி இரண்டரை அடி உயரத்துக்குச் சுவர் எழுப்பி, மேலே சிறிய கான்கிரீட் மூடியிட்டு, வடக்குப் பக்கத்தில் மட்டும் செங்குத்தாகக் கண்ணாடி வைக்கும் அமைப்பு. திறப்பு 4 அடி அகலம் இருந்தால், ஒன்றரை அடி உயரக் கண்ணாடியே 6 சதுர அடி ஆகிவிடும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் இந்தக் கண்ணாடியில் நேர்வெயில் படாது. வானத்தின் மென்மையான ஒளி மட்டுமே இறங்கும். ஆனால் நம் ஊரில் மே முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நகர்ந்து நிற்பதால், வடக்குக் கண்ணாடிக்கும் ஓர் அடி நீட்டிய சன்ஷேட் தேவை. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எதிர்ப்புறத் தெற்குச் சுவரின் மேல்பகுதியில் கொசுவலை பொருத்திய சாய்தகட்டுத் (லூவர்) திறப்பு ஒன்று வைத்தால், மேலெழும் வெப்பக் காற்று வெளியேறிவிடும். உட்புறச் சுவர்களுக்கு வெள்ளை அடியுங்கள். ஒளி அவற்றில் பட்டுச் சிதறித்தான் கீழே வருகிறது.

இனிப் பொருளுக்கு வருவோம். செங்குத்துக் கண்ணாடிக்கு டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிக் கடினப்படுத்திய கண்ணாடி, போதும். எப்படியும் கிடைமட்டமாகத்தான் போட வேண்டும் என்றால் டஃபன்டு மட்டும் போதாது. உடைந்தால் அது சிறு துணுக்குகளாகத் தலைமீது கொட்டும். இரண்டு டஃபன்டு தகடுகளுக்கு நடுவே பி.வி.பி. எனும் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி, உடைந்தாலும் துணுக்குகளைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். டஃபன்டு செய்த பிறகு கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது. எனவே கட்டுச்சுவர் பூச்சு முடிந்த பின்னரே அளவு கொடுங்கள்.

உங்கள் கொழுந்தனார் சொல்வதிலும் நியாயம் உண்டு. பாலிகார்பனேட் எளிதில் உடையாது, எடையும் குறைவு. ஆனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இல்லாத தகடு சில ஆண்டுகளில் மஞ்சளாகிவிடும். பூச்சுள்ள தகட்டிலும் பூச்சு இருக்கும் முகத்தை வானத்தை நோக்கி வைக்க வேண்டும்; அது எந்த முகம் என்பது மேலே ஒட்டியிருக்கும் படலத்தில் அச்சாகியிருக்கும், படலத்தைக் கிழிப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் சத்தம் அதிகம் கேட்கும். கூடத்துக்குக் கண்ணாடி, வேலைக்கட்டுக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் பாலிகார்பனேட் என்பது என் தேர்வு.

கடைசியாக ஒன்று. மேலே பின்னாளில் மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால், இந்தத் திறப்பு அப்போது மாடி அறையின் தரைக்கு நடுவே வந்து நிற்கும். அப்படியானால் இப்போதே வரைபடத்தில் அதே இடத்தை இரண்டு தளங்களையும் ஊடுருவிச் செல்லும் ஒளிக்கூண்டாக ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு கட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. உள்நடை பகலிலும் இருட்டாக இருக்கிறது. கான்கிரீட் தளத்தை உடைத்து ஸ்கைலைட் வைக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கொத்தனாரை மட்டும் நம்பித் தளத்தை உடைக்காதீர்கள். வீட்டுத் தளத்தில் கம்பிகள் பெரும்பாலும் ஐந்து, ஆறு அங்குல இடைவெளியில் ஓடுகின்றன. இரண்டடித் திறப்பு போட்டால் ஒவ்வொரு திசையிலும் நான்கைந்து கம்பிகள் அறுபடும். அறுபட்ட கம்பிகள் தாங்கிய சுமையை யார் தாங்குவது என்று கணக்கிட்டு, திறப்பின் விளிம்புகளில் வலுவூட்டுவது கட்டமைப்புப் பொறியாளரின் வேலை. பீமையும், சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தையும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது.

உடைக்காமலே தீர்வு கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். மாடிப்படி வீட்டுக்குள் இருந்தால், படி மொட்டைமாடியில் முடியும் இடத்துக்கு மேல் கட்டிய சிறு அறையான ஹெட்ரூமின் வடக்குச் சுவரில் அகலமான ஜன்னல் ஒன்று வைப்பதே நடைக்கு வெளிச்சம் தரப் போதுமானதாக இருக்கலாம். இல்லையென்றால் 10 அங்குல விட்டமுள்ள ஒளிக்குழாய் உங்களுக்குப் பொருந்தும். மாடியில் கவிகை மூடி, நடுவே உள்முகம் கண்ணாடிபோல் பளபளக்கும் குழாய், கீழே ஒளியைப் பரப்பும் தகடு என்பதே அதன் அமைப்பு. குழாய் குட்டையாகவும் வளைவின்றியும் இருக்கும் அளவுக்கு ஒளி கூடும். பட்டறையில் தகரத்தை வளைத்துச் செய்த குழாயை மலிவென்று வாங்க வேண்டாம். ஒளியின் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும்.

கேள்வி: வீட்டின் நடுவிலுள்ள திறந்தவெளிக்கு மேல் பாலிகார்பனேட் போட்டிருக்கிறோம். ஒவ்வோர் ஐப்பசியிலும் ஒழுகுகிறது. சிலிகான் பூசினால் மறு ஆண்டு மீண்டும் ஒழுகுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கடலூர்

பதில்: பாலிகார்பனேட் வெப்பத்தில் வெகுவாக விரியும். ஒரு மீட்டர் நீளத் தகடு 40 டிகிரி வேறுபாட்டில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீள்கிறது. கண்ணாடி அதில் ஏழில் ஒரு பங்கே நீளும். பகலில் நீண்டும் இரவில் சுருங்கியும் அசைகிற தகட்டைத் திருகால் இறுக்கி, அதன்மேல் சிலிகான் பூசினால், அந்தப் பூச்சு பிய்ந்துகொண்டு வருவது இயல்பு. தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள். திருகுத் துளைகளைத் திருகைவிடச் சற்றுப் பெரிதாக்கி ரப்பர் வாஷர் வைத்துப் பொருத்த வேண்டும். தகடுகள் சேரும் இடங்களில் அலுமினியப் பட்டை வேண்டும்.

அதோடு மூன்றைப் பாருங்கள். சுற்றுக்கட்டு தளத்திலிருந்து 9 அங்குலமாவது உயர்ந்திருக்கிறதா? தகட்டுக்கு மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவாவது வாட்டம் இருக்கிறதா? தகடு கட்டைத் தாண்டி அரை அடி நீட்டிக்கொண்டிருக்கிறதா? கடலோர வடகிழக்குப் பருவமழை காற்றோடு சாய்ந்து அடிப்பதால் இந்த நீட்டம் முக்கியம். கட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே காற்றுப் போக விட்ட இடைவெளியை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் முற்றத்தின் வெப்பம் அறைகளுக்குள் திரும்பும். அங்கே சாய்தகடு பொருத்தினால் சாரலும் வராது, காற்றும் தடைப்படாது.

கேள்வி: எங்கள் ஓட்டு வீட்டுச் சமையலறைக்குக் கண்ணாடி ஓடு எத்தனை போடலாம்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இரண்டு போதும், வடக்குச் சரிவில் போடுங்கள். மங்களூர் ஓட்டின் அதே வார்ப்பில் கண்ணாடி ஓடுகள் கிடைப்பதால், ஓர் ஓட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் இதைப் பொருத்தலாம், சிமென்ட் பூச வேண்டியதில்லை. ஓடுகளின் வார்ப்பு கம்பெனிக்குக் கம்பெனி சிறிது மாறும் என்பதால், கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டு ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.