நிலாவின் முகத்தில் கரி

அன்புள்ள ஐயா,

வடதுருவப் பகுதி மக்களான இனூயிட்டுகளின் நிலாக் கதை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். உடன்பிறந்தவளையே இருட்டில் கெடுத்தவன்தான் நிலாவானான் என்கிறீர்கள். அடுத்த பத்தியில் அவனே அநாதைகளுக்குக் காவல் என்கிறீர்கள். இரண்டு தெய்வங்களைப் போட்டுக் குழப்பிவிட்டீர்களோ?

க.

அன்புள்ள க.,

குழப்பவில்லை. வட கனடாவின் இக்லூலிக் பகுதிக் கதைகளில் இரண்டும் தக்கிக் என்ற ஒரே ஆள்தான். 'தெய்வம்' என்று நான் எழுதியதுதான் வம்பு. தக்கிக்குக்குக் கோயிலும் இல்லை, பூசையும் இல்லை. 1922இல் டென்மார்க் ஆய்வாளர் ராஸ்முஸ்ஸன் அங்கே போய்க் கேட்டபோது, ஆவா என்ற மருளாடி, "நாங்கள் நம்புவதில்லை, பயப்படுகிறோம்" என்றார். பயப்படவைக்கும் ஆளிடம் நடத்தைச் சான்றிதழ் கேட்க முடியுமா?

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்தக் கரிதான். அந்நாளில் பனிவீட்டில் வெளிச்சம், சூடு, சமையல் எல்லாம் குல்லிக் என்ற விளக்கால். நம் கல்சட்டி குடைகிற அதே மாக்கல்லில் அரைவட்டமாகக் குடைந்திருப்பார்கள். சீல் கொழுப்பு உருகி எண்ணெயாகும். நேர்விளிம்பு நெடுகப் பாசித் திரி. அதைப் பார்த்துக்கொள்வது பெண்ணின் பொறுப்பு. திரியைச் சீராகத் தட்டிவிடாவிட்டால் புகைந்து கரி பிடிக்கும். விளக்கணைந்த இருட்டில் தன்னிடம் வருகிறவன் யாரென்று அறிய, கதையில் வரும் தங்கை அந்தக் கரியைத்தான் அவன் முகத்தில் பூசினாள். வெளிச்சத்தில் பார்த்தால் அண்ணன். தன் மார்பை அறுத்து, "இதையும் தின்" என்று கொடுத்துவிட்டுப் பந்தத்தோடு ஓடினாள். துரத்தியவனின் பந்தம் அணைந்து கங்கு மட்டும் மிஞ்சியது. அவள் சூரியன், அவன் நிலா. கரி இன்னும் போகவில்லை.

இனி அநாதை. கவ்ஜார்ஜுக் என்ற பையனை நாய்களோடு நுழைவழியில் படுக்கவைப்பார்கள். மூக்குத் துளையில் விரல்விட்டுத் தூக்குவார்கள். மூக்கு மட்டும் பெருத்தது, ஆள் வளரவில்லை. நிலாவிலிருந்து இறங்கி வந்தவன் அவனைத் தடவிக்கொடுக்கவில்லை. சாட்டையால் விளாசினான், பையன் பாறையைப் புரட்டும் பலம் பெறும்வரை. பிறகு வந்த பனிக்கரடிகளைத் தூக்கி, தன்னை வதைத்தவர்கள் மேலேயே வீசினான் பையன். இந்தக் காவலில் கருணையைத் தேடினால் ஏமாறுவீர்கள்.

இக்லூலிக்கில் குளிர்காலத்தில் ஒன்றரை மாதத்துக்கும் மேல் சூரியன் எழாது. அப்போது பௌர்ணமியை ஒட்டிப் பல ஆண்டுகளில் நிலா நாள்கணக்கில் மறையாமல் சுற்றும். அந்நாளில் வேட்டைக்கு அவன் வெளிச்சம்தான். குற்றவாளி என்று ஒதுக்கிவைக்க வழியில்லை.

ஒரு தவறு மட்டும் என்னுடையது, நீங்கள் கவனிக்கவில்லை. சூரியனுக்கு மலினா என்று எழுதியிருந்தேன். அது கிரீன்லாந்துப் பெயர். இக்லூலிக்கில் அவள் சிகினிக். கட்டுரையில் திருத்திவிட்டேன்.