இரவில் நரிகளை ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கலாமா? அவற்றின் கண்ணுக்குக் கெடுதல் இல்லையா?

எடுக்கலாம். ஆனால் ஃபிளாஷைக் கேமராவின் தலையில் பொருத்தி, முழு வலுவில் நரியின் முகத்துக்கு நேராக ஒருபோதும் அடிக்காதீர்கள். இருட்டில் அதன் கண்மணி அகல விரிந்திருக்கும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் வேறு இருக்கிறது. திடீரென்று பாயும் வெளிச்சம் அதைத் திகைக்கவைக்கும். உங்களுக்கும் நல்ல படம் கிடைக்காது, பச்சையாக எரியும் இரண்டு புள்ளிகள்தான் மிஞ்சும்.

தெற்கு லண்டனில் எங்கள் தோட்டத்துக்கு வரும் செந்நரிகளைத்தான் நான் எடுக்கிறேன். இரண்டு சிறிய ஃபிளாஷ்கள் போதும். ஒன்று பக்கவாட்டில், நரியின் தலைக்கு நன்றாக மேலே, ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் போட்டு. இன்னொன்று பின்பக்கமாக, முதுகு மயிரின் ஓரம் மட்டும் ஒளிரும்படி. மழை ஓய்ந்த இரவில் அந்தப் பின்னொளி காட்டும் செம்பட்டை நிறத்துக்காகவே விழித்திருக்கலாம்!

ஃபிளாஷின் வலுவை முழு அளவில் 1/16 அல்லது 1/32 பங்குக்குக் குறைத்துவிடுங்கள். வலு குறையக் குறைய ஒளி நீடிக்கும் நேரமும் சுருங்கும் என்பதால், நடக்கும் நரியின் மீசைகூட மங்காமல் பதியும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 1600, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6 என்று தொடங்கலாம். வெளிச்சம் போதவில்லையென்றால் வலுவைக் கூட்டுவதற்கு முன் ஃபிளாஷை நெருக்கி வையுங்கள். தூரம் பாதியானால் ஒளி நான்கு மடங்காகும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/200 நொடியாக இருந்தால் பின்னணி கறுத்துப்போகும். நான் வேகத்தை 1/15 நொடி அளவுக்கு இறக்கிவிடுவேன், தெருவிளக்கும் அண்டை வீட்டு ஜன்னலும் படத்தில் வரவேண்டும் என்பதற்காக. நகரத்து நரி நகரத்தில்தானே தெரியவேண்டும்? நரி நிற்கும் இடம் மட்டும் நிழலாக இருக்கட்டும், இல்லையென்றால் உருவம் இரட்டையாக இழுபடும்.

வெளிச்சத்தைவிட ஷட்டர் சத்தத்துக்கே எங்கள் நரிகள் அதிகம் மிரளுகின்றன. ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் பல கேமராக்கள் ஃபிளாஷை எரியவிடாது. அதனால் கேமராவைத் தடித்த துணியால் சுற்றி, தள்ளி வைத்து, நீண்ட லென்ஸில் எடுக்கிறேன். வேலி இடுக்கு போன்ற வழக்கமான தடத்தில்தான் அவை வந்துபோகும். அங்கே முன்கூட்டியே ஃபோகஸ் செய்துவிட்டு, சில இரவுகள் எதையும் எரியவிடாமல் கருவிகளுக்கு அவற்றைப் பழகவிடுங்கள்.

1906இல் அமெரிக்க வனவிலங்குப் புகைப்படக்காரர் ஜார்ஜ் ஷைராஸின் இரவுப் படங்கள் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் வந்தபோது, மக்னீசியத் தூளைப் பெரும் சத்தத்தோடு கொளுத்தவேண்டியிருந்தது. மான்கள் வெருண்டு ஓடின. இன்று ஒளியை இவ்வளவு அடக்க முடிகிறபோது, ஒரு விலங்கை வெருட்டிப் படம் எடுக்க நமக்கு எந்த நியாயமும் இல்லை.

ஃபிளாஷை ஒரு முறை எரியவிட்ட பிறகு நரியின் காதுகளைக் கவனியுங்கள். தொடர்ந்து மோப்பம் பிடித்தால் இன்னொரு படம் எடுக்கலாம். காதை மடக்கிப் பதுங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சாலையோரத்தில் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், மிரண்ட நரி வண்டிக்குக் குறுக்கே பாயும். ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகள் வளையைவிட்டு வெளியே வரும். அப்போது வளைப்பக்கமே போகாதீர்கள். தொந்தரவு என்று தாய்க்குத் தோன்றினால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறிடம் தேடிப் போய்விடும்.