நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்ல சேரலாமா? – வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

நான் டெக்சஸ்ல ஒரு சின்ன ஊர்ல இருக்கேன், சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். இங்க ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வெளிய வந்தா வாசல்ல ஒரு பெரியவர் கையைப் பிடிச்சு, எங்க கவுன்சில்ல எப்போ சேரப்போறன்னு வாராவாரம் கேக்குறாரு. நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்னு கத்தோலிக்க ஆம்பளைங்க சங்கம், கவுன்சில்னா அதோட உள்ளூர் கிளை. அம்மாகிட்ட போன்ல சொன்னா, ரகசியச் சங்கம் மாதிரி இருந்தா வேண்டாம்யா, முதல்ல ஃபாதர்கிட்ட கேளுங்குறாங்க. ஆபீஸ்ல ஒருத்தன் அது இன்சூரன்ஸ் கம்பெனிடாங்குறான். மனைவி, இருக்குற நேரமே பத்தல, ஆம்பளைங்க மட்டும் கூடி என்னத்த கிழிக்கப் போறீங்கன்னு கேக்குறா. என் தயக்கம் வேற, போட்டோல பாத்தா எல்லாருமே வயசான வெள்ளைக்காரங்க, அதுல நான் ஒட்டுவேனான்னு தெரியல. ஊர்ல அப்பா வின்சென்ட் தே பவுல் சபைல இருந்தாரு, இதுவும் அது மாதிரிதானா? நீங்க மெம்பர்னு ஒரு தடவை எழுதியிருந்தீங்க, அதான் கேக்குறேன்.

ஜெ.

அன்புள்ள ஜெ.,

சேருங்க தம்பி. ஆனா ஃபார்ம்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை அவங்களோட அடுப்படியில நின்னு வேலை பாத்துட்டு சேருங்க. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல நிறைய கவுன்சில்கள்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீன் பொரிச்சு விப்பாங்க, ஃபிஷ் ஃப்ரைன்னு பேரு, கோயில் ஹால்லயே நடக்கும், அந்தக் காசு ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்குப் போகும். உங்களுக்கு மெம்பர்ஷிப் இருக்கான்னு யாரும் கேக்கமாட்டாங்க, கை இருந்தா போதும். நான் சேந்த புதுசுல மாவு கரைக்குற பக்கம் நிறுத்திட்டாங்க, பக்கத்துல ரிட்டையர் ஆன ஒரு பிளம்பர், அவரு மீனை மாவுல முக்கி எண்ணெயில விடுறாரு, நான் அடுத்த பேசினை நகத்துறேன், பேச்சுன்னா "இன்னும் கொஞ்சம் தண்ணி" "போதும் போதும்" அவ்ளோதான், வீட்டுக்கு வந்தா ஜாக்கெட்ல ரெண்டு நாளைக்கு எண்ணெய் வாசம் போகல. அங்க ஒரு சாயங்காலம் நின்னா அந்த கவுன்சில்ல யாரு வேலை செய்றா, யாரு மெடலை மாட்டிக்கிட்டு குறுக்க நெடுக்க நடக்குறான்னு தெரிஞ்சிடும். ரெண்டாவது ரகம் எல்லா சபையிலயும் உண்டு, நம்ம பங்குப்பேரவையில பாக்காததா.

அம்மா பயப்படுறதுல அர்த்தம் இருக்கு. ஃப்ரீமேசன் மாதிரி ரகசியச் சங்கங்கள்ல கத்தோலிக்கர் சேரக்கூடாதுன்னு 1738லயே போப் தடை போட்டாரு, 1983லயும் வத்திக்கான் அதையே திரும்பச் சொல்லிருச்சு. ஆனா நைட்ஸ் வந்ததே அந்தத் தடையினாலதான்னு கூட சொல்லலாம். அந்தக் காலத்து அமெரிக்காவுல ஒரு தொழிலாளி செத்துப்போனா குடும்பத்துக்கு உதவுறது இந்த மாதிரி சங்கங்கள்தான், கத்தோலிக்கன் அதுல சேரவும் முடியாது, சேராம விட்டா அவன் பொண்டாட்டி புள்ளைங்க நடுத்தெருவுல நிக்கணும். இதைப் பாத்துட்டு ஃபாதர் மைக்கேல் மெக்கிவ்னி கனெக்டிகட்ல நியூ ஹேவன் செயின்ட் மேரீஸ் கோயில் பேஸ்மெண்ட்ல 1881ல கொஞ்சம் பேரைக் கூட்டி பேச ஆரம்பிச்சாரு, 1882 மார்ச்ல சங்கம் பதிவாச்சு. அவரு பாதிரியார் ஆகுறதுக்கு செமினரியில படிச்சுக்கிட்டு இருந்தப்பவே அப்பா செத்துப்போய் படிப்பை நிறுத்திட்டு வீட்டுக்கு ஓடியாந்தவரு, அதனால விதவைகள் கஷ்டம் அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்ல. 1890ல நிமோனியாவுல போயிட்டாரு, 38 வயசுதான். 2020ல அருளாளர் பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தின படி, கொடுத்தாங்க. அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க, அருளாளர் ஆரம்பிச்ச சபைன்னா பாதி பயம் போயிடும்.

ரகசியம்னு பேர் வந்ததுக்கும் காரணம் இல்லாம இல்ல. முன்னாடி டிகிரின்னு சொல்ற மூணு சேர்க்கைச் சடங்கு தனித்தனியா, கதவைச் சாத்திக்கிட்டு நடக்கும். 2020லேர்ந்து அந்த மூணையும் சேத்து ஒரே சடங்கா கோயில்லயே வெச்சு நடத்த ஆரம்பிச்சிட்டாங்க, குடும்பத்தோட போய் உக்காந்து பாக்கலாம். என்னைக் கேட்டா அவங்க சமீபத்துல செஞ்சதுலயே உருப்படியான காரியம் இதுதான்.

இப்ப இன்சூரன்ஸ். உங்க ஆபீஸ் நண்பர் சொல்றது பாதி நிஜம். விதவைகளுக்கு உதவ ஆரம்பிச்ச அந்த நிதிதான் வளந்து இன்னைக்கு பெரிய ஆயுள் காப்பீட்டு நிறுவனமா நிக்குது, மெம்பரும் அவங்க குடும்பமும்தான் அதுல பாலிசி எடுக்கமுடியும். நீங்க சேந்த கொஞ்ச நாள்ல ஏஜெண்ட் ஒருத்தர் போன் பண்ணுவாரு, நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு, கோட்டு போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்து உக்காந்து பேசவும் செய்வாரு. வாங்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. ஆபீஸ் பாலிசி என்ன தருது, வேலை போனா அது கூடவே போயிடுமா, வெளிய டெர்ம் பாலிசி என்ன விலைன்னு ஒப்பிட்டுப் பாத்துட்டு வேணும்னா எடுங்க, கோயில் ஆளாச்சேன்னு முகதாட்சண்யத்துக்கு மட்டும் எடுக்காதீங்க. வருஷ சந்தா தனி, அது கவுன்சிலுக்கு கவுன்சில் மாறும், பெரிய தொகையா இருக்காது.

ஒட்டுவேனான்னு கேட்டீங்கல்ல, இதுல எனக்கு கொஞ்சம் அழுத்தமாவே ஒரு அபிப்பிராயம் உண்டு. இந்தச் சபையை ஆரம்பிச்சவங்க பெரும்பாலும் ஐரிஷ்காரங்க, கப்பல்ல வந்து இறங்கினவங்க இல்லன்னா அவங்க புள்ளைங்க. அதே செயின்ட் மேரீஸ் கோயிலை ஹில்ஹவுஸ் அவென்யூங்குற பணக்காரத் தெருவுல கட்டினப்போ, தெருவோட அழகையே ஒரு ரோமன் கோயில் கெடுத்துருச்சுங்குற அர்த்தத்துல 1879ல நியூயார்க் டைம்ஸ்லயே தலைப்பு போட்டாங்க. கத்தோலிக்கன்னா போப்புக்கு விசுவாசமானவன், அமெரிக்கனா இருக்கமுடியாதுன்னு சொல்லிக்கிட்டிருந்த காலம் அது, அதுக்கு பதிலாத்தான், அமெரிக்காவுக்கு வழி கண்டுபிடிச்சவனே கத்தோலிக்கன்தான்னு கொலம்பஸ் பேரை எடுத்து மாட்டிக்கிட்டாங்க (அந்தப் பேரே இன்னைக்கு வேற விதத்துல சர்ச்சையா கிடக்குறது தனிக்கதை). ஆக, புதுசா வந்தவன் ஒட்டுவானாங்குற கேள்வியிலதான் அந்தச் சங்கமே பொறந்துச்சு. முதல் உலகப்போர்ல சிப்பாய்ங்களுக்கு அவங்க நடத்தின குடில்கள்ல எல்லாரும் வரலாம், எல்லாமே இலவசம்னு போர்டு வெச்சிருந்தாங்க, மதம் நிறம் எதுவும் பாக்கல.

இது வரலாறு. நேர்ல எல்லாரும் அப்படி இருப்பாங்கன்னு நான் சொல்லமாட்டேன். மீட்டிங் முடிஞ்சு காபி குடிக்கும்போது அரசியல் வரும், குடியேறிகள் பத்தி பேச்சு வரும், உங்களை வெச்சுக்கிட்டே "உன்னைச் சொல்லலப்பா"ம்பாங்க. எங்க கவுன்சில்ல அப்படிப் பேசுற ஒருத்தரோட தாத்தாவே போலந்துலேர்ந்து வந்தவரு, அதை ஒரு தடவை சிரிச்சுக்கிட்டே ஞாபகப்படுத்தினேன், அதுக்கப்புறம் என் முன்னாடி பேசறதில்ல. மனசு மாறிச்சான்னு தெரியாது. கருக்கலைப்பு விஷயத்துல சபை வெளிப்படையாவே ஒரு பக்கம் நிக்குது, கர்ப்பிணிகளுக்கு உதவுற மையங்களுக்கு அல்ட்ராசவுண்ட் மெஷின் வாங்கிக் கொடுக்குறது அவங்களோட முக்கியமான வேலைகள்ல ஒண்ணு. இதெல்லாம் உங்களுக்கு உறுத்துமா உறுத்தாதான்னு நீங்கதான் பாத்துக்கணும், சேந்தப்புறம் ஆச்சரியப்படக்கூடாது.

அப்பா இருந்த சபை மாதிரியான்னா, இல்ல. வின்சென்ட் தே பவுல் சபை 1833ல பாரிஸ்ல ஓசானாம்னு ஒரு மாணவரும் நண்பர்களும் ஆரம்பிச்சது, வீடு வீடாப் போய் ஏழைங்களோட உக்காந்து பேசி உதவுறதுதான் அதோட உயிர், அப்பா சாயங்காலம் இன்னொருத்தரைக் கூட்டிக்கிட்டு சத்தமில்லாம போயிட்டு வந்திருப்பாரே, அது. நைட்ஸ் கொஞ்சம் சத்தமானது. மஞ்சள் ஏப்ரன் மாட்டிக்கிட்டு கடை வாசல்ல டூட்சி ரோல் மிட்டாயை நீட்டி அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்காக காசு வசூல் பண்ணுவாங்க, குளிர்காலத்துல புள்ளைங்களுக்கு கோட்டு வாங்கிக் கொடுப்பாங்க, பான்கேக் சுட்டு விப்பாங்க. பதவிப் பேரெல்லாம் கிராண்ட் நைட், சான்சலர், வார்டன்னு ராஜா காலத்து நாடகம் மாதிரி இருக்கும், முதல்ல சிரிப்பு வரும், அடக்கிக்குங்க. அப்பா செஞ்ச மாதிரி வேலைதான் வேணும்னு மனசு சொன்னா அமெரிக்காவுலயும் பல பங்குல வின்சென்ட் தே பவுல் சபை இருக்கு, ஆண் பெண் ரெண்டு பேரும் சேரலாம், ரெண்டுலயும் இருக்குறவங்களும் நிறைய.

மாச மீட்டிங் பத்தி ஒண்ணு. கணக்கு வழக்கு, போன மாச மினிட்ஸ்னு சும்மா இழுக்கும், தூக்கம் வரும். கடைசியில குட் ஆஃப் தி ஆர்டர்னு ஒரு பகுதி இருக்கு, அதுல யாருக்கு ஆபரேஷன், யாரு வீட்டுல சாவு, யாருக்கு வேலை போச்சுன்னு ஒவ்வொருத்தரா சொல்லி ஜெபம் பண்ணுவாங்க. பேரைச் சொன்னவுடனே பின்வரிசையிலேர்ந்து ஒருத்தர், வியாழக்கிழமை நான் அவரை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறேன்னு கையைத் தூக்குவாரு. சொந்தக்காரங்க எல்லாம் கடல் தாண்டி இருக்குற நமக்கு அதோட மதிப்பு தெரியும்.

மனைவி சொல்றதை லேசா எடுத்துக்காதீங்க. மெம்பரா ஆம்பளைங்க மட்டும்தான், 18 வயசு ஆன, கோயிலுக்கு ஒழுங்கா வர்ற கத்தோலிக்கரா இருக்கணும், அது மாறாது. ஆனா வேலைகள்ல பாதிக்கு மேல குடும்பத்தோடதான் நடக்கும். மாசத்துல ஒரு மீட்டிங், ஒரு வேலை, அதுக்கு மேல முதல் வருஷம் எதுக்கும் தலையாட்டாதீங்க, ஏன்னா அவங்களுக்கு இளவட்டம் கிடைக்கிறதே கஷ்டம், சேந்த மறுமாசமே ஏதாவது பதவி எடுத்துக்கோன்னு தலையில கட்டப் பாப்பாங்க, அதுவும் கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளுன்னு தெரிஞ்சா வெப்சைட்டும் உங்க தலையிலதான். ரெண்டு பேரும் உக்காந்து எந்த நாள் முடியும்னு பேசி முடிவு பண்ணிட்டு, அந்த வாசல் பெரியவர்கிட்ட அதை முதல்லயே சொல்லிடுங்க.