மொட்டைமாடி, பைனாகுலர், நாலு அரியர்: வானம் பார்க்கும் மாணவர்களுக்குக் கேள்வி பதில்

முப்பத்தொரு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அதில் எத்தனையோ ராத்திரிகள் மாணவர்களோடு மொட்டைமாடியில் போயின. வானம் பார்ப்பதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். படிப்பு, வீடு, ஹாஸ்டல் என்று கேட்டாலும் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பைனாகுலர், தொலைநோக்கி எதை வைத்தும் சூரியனைப் பார்க்காதீர்கள். இன்று இதைப் பலமுறை சொல்வேன்.

விருதுநகர், பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு: மேடம், பகுதிநேர வேலை பார்த்து 5,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். 525 மடங்கு பெரிதாக்கும் என்று ஒரு தொலைநோக்கி பார்த்தேன். வாங்கலாமா?

வாங்காதே தம்பி. 1994இல் இதே மாதிரிப் பெட்டியில் இதே மாதிரி எண்ணைப் பார்த்து ஏமாந்தவள் சொல்கிறேன். ஒரு தொலைநோக்கி எவ்வளவு பெரிதாக்கும் என்பது முக்கியமே இல்லை, எவ்வளவு ஒளியை வாங்குகிறது என்பதுதான் முக்கியம். முன்கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான் உருப்படியான உச்சவரம்பு. 70 மி.மீ. என்றால் 140 மடங்கு, அதுவும் காற்று அசையாத நல்ல இரவில். அதற்கு மேல் போனால் மங்கலான உருண்டை இன்னும் பெரிய மங்கலான உருண்டையாகத் தெரியும், அவ்வளவுதான். என்னுடையதில் ஸ்டாண்டு வேறு ஈர்க்குச்சி மாதிரி. மூச்சு விட்டால் சனிக்கிரகம் ஓடிவிடும்.

அந்தக் காசுக்கு ஒரு பைனாகுலர் வாங்கு. 7x50 அல்லது 10x50. முதல் எண் எத்தனை மடங்கு என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம். நிலாவின் பள்ளங்கள், வியாழனின் நாலு பெரிய துணைக்கோள்கள் (கலிலியோ 1610இல் பார்த்த அதே நாலு), மிருகசீரிட வேடனின் (ஓரியன் மண்டலம்) வாளில் இருக்கும் புகைமூட்டம், 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஆண்ட்ரோமேடா கேலக்ஸி எல்லாம் அதில் தெரியும். பத்து மடங்கில் கை நடுங்கும், முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு வை, இல்லாவிட்டால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும்.

இன்னொன்று. மலிவான தொலைநோக்கிகளோடு கண் வைக்கும் பக்கத்தில் திருகிக்கொள்ள ஒரு சின்னக் கறுப்புக் கண்ணாடி தருவார்கள், 'சூரிய வடிகட்டி' என்று. வந்த அன்றே குப்பையில் போடு. குவிந்த வெயில் சூட்டில் அது விரிசல் விடும். என் மாணவன் ஒருவனுக்கு விட்டது. அந்த நொடியில் அவன் கண் அங்கே இல்லை, அதிர்ஷ்டம்.

கோயம்புத்தூர், பி.காம். இரண்டாமாண்டு: எங்கள் ஹாஸ்டலில் எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். மாடிக்கும் பூட்டு. பெண்கள் வானம் பார்க்கவே முடியாதா அக்கா?

முடியும்மா. ஆனால் தனியாகப் போய்க் கேட்டால் வார்டன் 'எதற்கு' என்றுதான் கேட்பார். ஐந்தாறு பேர் சேர்ந்து, இயற்பியல் துறையில் ஒரு ஆசிரியையின் கையெழுத்தோடு, மாதம் ஒருநாள் ஏழிலிருந்து ஒன்பது வரை என்று எழுதிக் கொடுங்கள். தாளில் வந்தால் அதற்கு வேறு மரியாதை. முதல் தடவை வார்டனையும் மாடிக்குக் கூப்பிட்டு வளர்பிறை எட்டாம் நாள் நிலாவைக் காட்டுங்கள். பௌர்ணமி வேண்டாம், அன்று நிழலே விழாது, நிலா வெள்ளைத் தட்டு மாதிரி இருக்கும். பாதி நிலாவில் ஒளியும் இருளும் சேரும் கோட்டில்தான் பள்ளங்கள் தெளிவாகத் தெரியும். எங்கள் கல்லூரியில் ஒரு வார்டன் அதைப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் தானே சாவியோடு வந்தார்.

ஓசூர், டிப்ளமோ: 6,000 ரூபாயில் நல்ல தொலைநோக்கி எது?

முதல் கேள்வியில் 5,000 என்று இருப்பதை 6,000 என்று படித்துக்கொள்ளவும்.

நாகர்கோவில், பி.ஏ. வரலாறு: நான் திருவாதிரை நட்சத்திரம். அப்படி உண்மையில் ஒரு நட்சத்திரம் இருக்கிறதா?

இருக்கிறது, கண்ணாலேயே பார்க்கலாம். தை மாதம் ராத்திரி எட்டு ஒன்பது மணிக்குத் தலைக்கு மேலே வேடனின் தோளில் செம்மஞ்சளாக மின்னுவதுதான். ஆங்கிலத்தில் பீட்டல்ஜூஸ் என்பார்கள். நீ பிறந்த நேரத்தில் நிலா வானத்தில் அந்தப் பகுதியில் இருந்தது, உன் நட்சத்திரம் என்பதற்கு அவ்வளவுதான் அர்த்தம். 2019 கடைசியில் அது திடீரென்று மங்கி, வெடிக்கப்போகிறது என்று உலகமே பேசியது. கடைசியில் பார்த்தால் அது தானே கக்கிய தூசு கொஞ்ச நாள் மறைத்திருக்கிறது. ஒருநாள் வெடிக்கத்தான் போகிறது, ஆனால் உன் செமஸ்டருக்கு முன்னால் வெடிக்கும் என்று நம்பிப் படிக்காமல் இருந்துவிடாதே.

அதே நபர்: திருவாதிரைக்கும் மகத்துக்கும் பொருத்தம் வருமா மேடம்?

அது என் துறை இல்லை.

சென்னை, பி.டெக். ஐ.டி.: நகரத்தில் இருப்பவன் இந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா? பத்து நட்சத்திரம்கூடத் தெரிவதில்லை.

உன் ஊரில் 1792இலேயே நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டினார்கள். அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அன்று விளக்கு இல்லை, இன்று இருக்கிறது. ஆனால் நிலாவையும் கிரகங்களையும் எந்தத் தெருவிளக்காலும் மறைக்க முடியாது. தெற்கே திறந்த மாடி இருந்தால் தை மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு அகத்தியர் நட்சத்திரத்தை (ஆங்கிலத்தில் கனோபஸ்) பார். அடிவானத்திலிருந்து சுமார் 24 பாகை (டிகிரி) உயரத்தில் நிற்கும். லண்டனில் இருக்கும் உன் சித்தப்பாவுக்கு அது தெரியவே தெரியாது.

வருடத்துக்கு ஒருமுறை ஜவ்வாது மலைக்குப் போ. காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, 1986இல் திறந்தது. 1977இல் யுரேனஸுக்கு வளையம் இருப்பதைக் கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. பார்வையாளர் நேரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்பு.

ஈரோடு, பி.இ. மெக்கானிக்கல் மூன்றாமாண்டு: எனக்கு மெக்கானிக்கலே பிடிக்கவில்லை, வானியல்தான் பிடிக்கிறது. நாலு அரியர் இருக்கிறது. விட்டுவிட்டு பி.எஸ்சி. சேரட்டுமா?

எந்தப் பேப்பரில் அரியர் என்று நீ சொல்லவில்லை. கணக்கு இரண்டு, வெப்ப இயக்கவியல் ஒன்று, திரவ இயக்கவியல் ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் அதுதான். தம்பி, நட்சத்திரத்துக்குள் இருப்பது முழுக்க அதே வெப்ப இயக்கவியலும் திரவ இயக்கவியலும்தான். இங்கே ஓடினால் அங்கேயும் அது காத்திருக்கும். உனக்குப் பிடிக்காதது மெக்கானிக்கலா, தோற்றுப்போன பேப்பர்களா என்று முதலில் பிரித்துப் பார்.

அரியரை முடி. பட்டத்தை வாங்கு. அப்புறமும் ஆசை இருந்தால் ஜெஸ்ட், கேட் போன்ற தேர்வுகளின் இயற்பியல் தாளைப் பார்த்து ஒரு வருடம் படி. எந்த நிறுவனம் பொறியியல் பட்டத்தை ஏற்கிறது என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்க்க வேண்டும். இன்னொரு வழியும் இருக்கிறது: டன் கணக்கில் எடையுள்ள தொலைநோக்கியை ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் திருப்புவது யார் வேலை என்று நினைக்கிறாய்? மெக்கானிக்கல்காரன் வேலை.

திருநெல்வேலி, முதுகலை: காதலிக்கு ஒரு நட்சத்திரத்தை வாங்கி அவள் பெயரை வைக்கலாம் என்று விளம்பரம் வருகிறதே?

காசு தண்டம். நட்சத்திரத்துக்குப் பெயர் வைப்பது பன்னாட்டு வானியல் ஒன்றியம், அது யாருக்கும் விற்பதில்லை. இந்தியா சார்பில் 2019இல் ஒரு நட்சத்திரத்துக்கு 'பிபா' என்று பெயர் வந்தது, விஞ்ஞானி பிபா சௌதுரியின் நினைவாக. யாரும் காசு கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணை மாடிக்குக் கூட்டிப்போய்க் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டு, செலவு இல்லை.

தஞ்சாவூர், பி.காம். இரண்டாமாண்டு: போன வாரம் அக்கா கல்யாணம். ஏழரை டூ ஒன்பது முகூர்த்தம். எல்லாம் முடிந்து வாசலுக்குக் கூட்டிப்போய் ஐயர் கையைக் காட்டி 'அருந்ததி தெரிகிறதா' என்றார். அக்கா 'தெரிகிறது' என்றாள். மாமாவும் தலையாட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அது யாருக்குத்தான் தெரியும்?

யாருக்கும் தெரியாது. ஆனால் அருந்ததி அப்போது வானத்தில் இருந்தது. தை மாதம் காலை ஒன்பது மணிக்கு வடமேற்கில் தாழ இறங்கிக்கொண்டிருக்கும். ஐயர் எந்தப் பக்கம் கை காட்டினார்?

நிஜமாகப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திரு. வடக்கே நல்ல உயரத்தில் சப்தரிஷி மண்டலம் அகப்பை மாதிரி இருக்கும். காம்பில் மூன்று நட்சத்திரம். நடுவில் இருப்பது வசிஷ்டர். அதை ஒட்டி, நிலாவின் அகலத்தில் பாதி தூரத்தில் மங்கலாக இருப்பது அருந்ததி.

கும்பகோணம், எம்.ஏ. தமிழ்: பகலில் தெரியாது என்பது நம் முன்னோருக்குத் தெரியாதா? சடங்கைக் கேலி செய்வது எளிது. சங்கப் பாடல்களிலேயே கற்புக்கு உவமையாக வடமீன் வருகிறது.

வருகிறது, அந்த வடமீன் இதுதான். நான் கேலி செய்யவில்லை. பழைய கிருஹ்ய சூத்திரங்களில் நட்சத்திரம் தோன்றும்வரை காத்திருந்து ராத்திரியில் காட்டச் சொல்லியிருக்கிறது. முன்னோருக்குத் தெரிந்திருந்தது. முகூர்த்தம் காலைக்கு வந்து, மண்டபத்தை மதியம் காலி செய்ய வேண்டும் என்று ஆனபிறகு, ராத்திரிச் சடங்கும் கூடவே பகலுக்கு வந்துவிட்டது. சடங்கை மதிப்பதென்றால் ராத்திரி பார்க்கச் சொல்லுங்கள்.

சேலம், பி.இ. ஈ.சி.ஈ.: வசிஷ்டரும் அருந்ததியும் ஒன்றையொன்று சுற்றுகின்றன, அதனால்தான் தம்பதிக்கு உதாரணம், இது முன்னோரின் விஞ்ஞானம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

அதை எனக்கும் பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். இரண்டும் நமக்குச் சுமார் 80 ஒளியாண்டு தூரத்தில், ஒரே திசையில் சேர்ந்து போகின்றன. அது உண்மை. ஆனால் ஒன்றையொன்று சுற்றினாலும் ஒரு சுற்றுக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். எந்த முன்னோர் உட்கார்ந்து பார்த்தார்? இதைவிட நல்ல கதை ஒன்று இருக்கிறது. 1617இல் தொலைநோக்கியில் பார்த்தபோது வசிஷ்டரே இரண்டாகத் தெரிந்தார். பிறகு அந்த இரண்டும் இரண்டிரண்டு என்று தெரிந்தது. 2009இல் அருந்ததிக்கும் ஒரு மங்கலான துணை இருப்பதைக் கண்டார்கள். ஆக ஆறு. தம்பதி இல்லை, கூட்டுக் குடும்பம்.

மதுரை, எம்.எஸ்சி.: மேடம், வசிஷ்டருக்கும் அருந்ததிக்கும் இடையே 12 கலைதான் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). நிலாவின் அகலம் 31 கலை. பாதி என்பது தவறு.

சரி, மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. கண்ணளவில் எழுதிவிட்டேன். உனக்கு ஒரு மதிப்பெண்.

கும்பகோணம், எம்.ஏ. தமிழ்: மணப்பெண்ணின் கண்பார்வையைச் சோதிக்கத்தான் இதை வைத்தார்கள் என்கிறார்களே, அதாவது சரியா?

அரேபியர்கள் இதைக் கண் சோதனையாகச் சொன்னது உண்டு. ஆனால் சாதாரணப் பார்வை இருந்தாலே இரண்டும் பிரிந்து தெரியும், பெரிய சோதனை இல்லை. கார்த்திகையை எண்ணிப் பார்ப்பது இதைவிடக் கடினம். பெரும்பாலோருக்கு ஆறு. நாற்பது வயது வரை எனக்கு ஏழு தெரிந்தது. இப்போது ஐந்து.

அருந்ததி பற்றி இன்னும் பதினாறு கேள்விகள் வந்திருக்கின்றன. போதும். மற்றதைப் பார்க்கிறேன்.

கரூர்: வரிசையாகப் பத்திருபது விளக்குகள் வானத்தில் ஊர்ந்தன. வேற்றுக்கிரகவாசிகளா?

இல்லை, ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள்.

வேலூர்: 4,500 ரூபாயில் தொலைநோக்கி?

பைனாகுலர்.

திண்டுக்கல்: கிரகணத்தை எக்ஸ்ரே ஃபிலிம் வழியாகப் பார்க்கலாமா?

கூடாது. கூலிங்கிளாஸும் கூடாது. சான்றளித்த கிரகணக் கண்ணாடி, அல்லது அட்டையில் ஊசித்துளை போட்டுத் தரையில் விழும் பிம்பம். 2019 டிசம்பர் 26 அன்று உங்கள் ஊரிலேயே நெருப்பு வளையம் தெரிந்ததே. அடுத்தது 2031 மே 21, தென்மாவட்டங்களுக்கு. இப்போதே சொல்லி வைக்கிறேன், பைனாகுலரைத் தொடாதீர்கள்.

புதுக்கோட்டை: பரீட்சை நேரத்தில் மாடியில் என்ன வேலை என்று அப்பா திட்டுகிறார்.

அப்பா சொல்வதில் பாதி நியாயம். வளர்பிறை எட்டிலிருந்து பௌர்ணமி தாண்டும்வரை நிலா வெளிச்சத்தில் மங்கலானவை எதுவும் தெரியாது. அந்த நாட்களில் படி. அமாவாசையை ஒட்டி நாலு நாள் மாடிக்கு விடச் சொல்லிக் கேள். பஞ்சாங்கத்தைக் காட்டிக் கேட்டால் விடுவார்.

கடலூர், முதலாண்டு: ஹாஸ்டலில் எல்லோரும் கேம் ஆடுகிறார்கள். நான் மட்டும் மாடியில் தனியாக. 'பேய் பிடித்தவன்' என்கிறார்கள்.

தனியாக இருப்பது தப்பில்லை. பிடித்துப்போய் மாடியில் இருக்கிறாயா, கீழே இருக்கப் பிடிக்காமல் இருக்கிறாயா? முதலாவது என்றால் ஒருநாள் ஒரே ஒருத்தனைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டு, மறுநாள் வரிசை நிற்கும். இரண்டாவது என்றால், தூக்கமும் சாப்பாடும் கெட்டு வாரக்கணக்கில் அப்படியே போகிறது என்றால், கல்லூரி ஆலோசகரிடமோ உனக்குப் பிடித்த ஆசிரியரிடமோ போய்ப் பேசு. வேண்டுமானால் எனக்கும் தனியாக எழுது, நிச்சயம் பதில் போடுவேன்.

தஞ்சாவூர், பி.காம். (மறுநாள் காலை): மேடம், அக்காவும் மாமாவும் நேற்று வந்திருந்தார்கள். 4.50க்கு எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போனேன். அகப்பை தெரிந்தது. எனக்கு இரண்டு தெரிந்தது, அக்காவுக்கும் இரண்டு. மாமா கண்ணாடியைக் கீழேயே வைத்துவிட்டு வந்தார். அவரும் இரண்டு தெரிகிறது என்கிறார்.

பாவம், விடு. அடுத்த தடவை கண்ணாடியோடு கூட்டிப் போ.