மனசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், தம்பி

தம்பி, சிங்கப்பூர் வந்து ஐந்து மாதம் ஆகிறது, ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தில் நாலு லட்சம் கடன் நிற்கிறது, அதில் பாதி மூணு வட்டி (நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்) என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பெனியில் ஓடி (ஓவர்டைம்) குறைந்துவிட்டது. வேலை முடிந்து வந்தால் குளிக்கக்கூட எழ மனமில்லை, கட்டிலில் படுத்து நடுச்சாமம் தாண்டியும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறீர்கள். "கொரோனா நேரத்துல மாசக்கணக்கா ரூமுக்குள்ளயே கிடந்தீங்களே, கடனையும் கட்டி மனசையும் எப்படிண்ணே காப்பாத்தினீங்க?" இதுதான் உங்கள் கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடன் கட்டுவதற்கு உற்சாகம் தேவையில்லை. உற்சாகம் வந்த பிறகு கட்டலாம் என்று இருந்தவர்கள் யாரும் அந்த 2020-இல் கட்டி முடிக்கவில்லை. மனசு எப்படிக் கிடந்தாலும் தானாக நடக்கிற மாதிரி பணத்துக்கு ஒரு வழி செய்துவிட்டு, மனசைத் தனியாகப் பார்த்துக்கொண்டவர்கள்தான் கரையேறினார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

அந்தக் காலம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. 2020 ஏப்ரல் 5-இல் பொங்கோல் எஸ்11, தோ குவான் வெஸ்ட்லைட் ஆகிய இரண்டு டார்மிட்டரிகளையும், அதாவது ஊழியர் தங்கும் விடுதிகளையும், தனிமைப்படுத்தும் இடம் என்று அரசு அறிவித்தது. இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 20,000 பேர். ஏப்ரல் 7-இல் நாடு முழுக்க சர்க்கிட் பிரேக்கர் என்ற ஊரடங்கு தொடங்கியது. ஊருக்குள் இருந்தவர்களுக்கு அது ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. டார்மில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு முடியவில்லை. பெரும்பாலான டார்ம்களில் நோய் ஓய்ந்தது என்று அறிவிக்கவே ஆகஸ்ட் ஆனது. அதற்குப் பிறகும் ரூம், லாரி, சைட், மறுபடி ரூம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூக்கில் குச்சி. வெளியே போக அனுமதிச் சீட்டு கேட்க வேண்டாம் என்ற நிலை 2022 ஜூனில்தான் வந்தது. அப்போதும் தேக்கா (லிட்டில் இந்தியா) மாதிரி இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. டார்மில் இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது என்று 2020 டிசம்பரிலேயே அரசே கணக்குச் சொன்னது.

எங்கள் ரூமில் பன்னிரண்டு பேர். மூன்று வேளையும் பொட்டலச் சாப்பாடு வரும். போனில் ஒரு ஆப், அதில் தினமும் காய்ச்சல் அளவைப் பதிய வேண்டும். சித்திரை முதல் நாள் அங்கேதான் வந்தது, ரம்ஜானும் அங்கேதான் வந்தது. வேலை இல்லை, ஆகவே ஓடி இல்லை. எங்கள் கம்பெனி பேசிக் சம்பளத்தைப் போட்டது. அதுவும் தாமதமாக வந்த நண்பர்கள் உண்டு. அன்றைக்கு ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) 53, 54 ரூபாய். எனக்கு ஊரில் தங்கச்சி கல்யாணக் கடன் ஐந்து லட்சம். அதில் இரண்டு லட்சம் மூணு வட்டிக்கு வாங்கியது, மிச்சம் ஒரு ரூபாய் வட்டி.

இனி கணக்கைப் பார்ப்போம். உங்கள் கடனிலும் பாதி மூணு வட்டி என்பதால் இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள்.

இரண்டு லட்சத்துக்கு மூணு வட்டி என்றால் மாதம் 6,000 ரூபாய். வருடத்துக்கு 72,000. மூன்று வருடம் கட்டினால் வாங்கிய அசலுக்கு மேல் வட்டியே போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். "மாசாமாசம் கட்டுறேனே, ஏன் குறையவே இல்லை" என்று நீங்கள் சோர்ந்து போவது உங்கள் சோம்பேறித்தனம் இல்லை, தம்பி. குறையாத கடனைக் கட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் கை விட்டுப்போகும்.

2020-இல் தங்கம் விலை ஏறியிருந்தது. ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வங்கிகள் கொடுக்கும் நகைக்கடனின் அளவை நகை மதிப்பில் 75 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை உயர்த்தியது. அது 2021 மார்ச் வரைக்குமான சலுகை. என் வீட்டில் நகையைத் தொட முதலில் மனசில்லை. நான் மேலே உள்ள கணக்கைப் போனில் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதிப் பார்த்த பிறகு மறு பேச்சு வரவில்லை. பஸ் ஓடாத நேரம், மாமனார் வண்டியில் கூட்டிப்போய் வங்கியில் நகையை வைத்து இரண்டு லட்சம் வாங்கி, மூணு வட்டிக்காரரிடம் அசலைக் கொடுத்துப் பத்திரத்தைக் கையோடு திருப்பி வாங்கி வந்தார்கள். பத்திரத்தை வாங்காமல் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது, இதை உங்கள் அப்பாவிடமும் சொல்லிவையுங்கள்.

வங்கி வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வையுங்கள். அதே இரண்டு லட்சத்துக்கு மாதம் 1,500 ரூபாய்தான் வட்டி. பழையபடி அதே 6,000-ஐ மாதாமாதம் கட்டினால் 4,500 அசலில் கழியும். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கழியும். ஒரு ரூபாய்கூட அதிகம் அனுப்பாமல் மூன்றேகால் வருடத்தில் கடன் முடிந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை வட்டியைக் கட்டி நகைக்கடனைப் புதுப்பிக்க வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது. உங்கள் வீட்டு நகை ஏற்கெனவே தனியார் அடகுக்கடையில் இருந்தால், அங்கே என்ன வட்டி என்று முதலில் கேளுங்கள். வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ மாற்றினாலே மாதம் ஒரு தொகை மிஞ்சும்.

இன்னொன்று. அந்த வருடம் இந்தியாவில் வங்கித் தவணைகளுக்கு மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை அவகாசம் கொடுத்தார்கள். தள்ளுபடி என்று நினைத்துப் பலர் நிம்மதியாக இருந்தார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. உங்களுக்கும் யாராவது "ரெண்டு மாசம் கழிச்சுக் கட்டுப்பா" என்று சொன்னால், அந்த இரண்டு மாத வட்டி எங்கே போய்ச் சேரும் என்று கேட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள்.

சம்பளம் ஏறிய அன்றே பணம் அனுப்பிவிடுவேன். தேக்காவில் பணம் அனுப்பும் கடைக்குப் போகிற வழி அப்போது இல்லை, எல்லாம் போனில்தான். இப்போது உங்களுக்கு அது இன்னும் சுலபம். சம்பளம் வந்த அன்று ராத்திரி படுக்குமுன் கடன் தொகை போய்விட வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு என்று வைத்தால் நாளைக்கு வேறு செலவு வரும், அல்லது போனை எடுக்கவே மனமிருக்காது. ஆனால் முழுச் சம்பளத்தையும் அனுப்பிவிடாதீர்கள். நூறு, நூற்றைம்பது வெள்ளியாவது உங்கள் கையில் இருக்க வேண்டும். எங்கள் ரூமில் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, மாதக் கடைசியில் மற்றவர்களிடம் பத்து வெள்ளி கைமாற்றுக் கேட்டவர்கள்தான் முதலில் உடைந்தார்கள். கையில் ஒன்றுமில்லாமல் இருப்பது ஆளைக் கூனவைக்கிறது. ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

இங்கே கடன் வாங்கி அங்கே அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைகளே மாதம் 4 சதவீதம் வரை வாங்கலாம், ஊரின் மூணு வட்டியைவிட அது அதிகம். வாட்ஸ்அப்பில் "உடனே லோன்" என்று வருவதெல்லாம் மோசடி அல்லது ஆலோங் (உரிமமில்லாத வட்டிக்காரர்) ஆட்கள். பாஸ்போர்ட், பர்மிட் படத்தை அனுப்பிவிட்டால் வீட்டு வாசல்வரை தொல்லை வரும். ஃபோர் டி, டோட்டோ லாட்டரிகளும் வேண்டாம். அந்த சர்க்கிட் பிரேக்கரில் குலுக்கல் நின்றிருந்தபோது மிஞ்சிய காசைப் பார்த்துத்தான் சிலருக்கு எவ்வளவு போய்க்கொண்டிருந்தது என்றே தெரிந்தது.

இப்போது மனசுக்கு வருகிறேன்.

எங்கள் ரூமில் அந்த பிப்ரவரியில்தான் வந்து இறங்கிய ஒரு தம்பி இருந்தான். டெஸ்ட் அடித்து (வேலைத் திறன் தேர்வு எழுதி), ஏஜென்டுக்குக் கொடுத்து, உங்களைப் போலவேதான். ஏப்ரலில் நல்லாத்தான் இருந்தான், சமைக்க முடியாத ரூமில் எல்லோருக்கும் டீ கலக்கிக் கொடுப்பான். மே மாதம் குளிக்கிறதை விட்டான். பிறகு பகலெல்லாம் போர்வைக்குள் தூக்கம், ராத்திரியெல்லாம் போன். வீட்டு அழைப்பை எடுக்க மாட்டான். எடுத்தால் "எப்ப பணம் வரும்" என்ற கேள்வியில்தான் பேச்சு முடியும் என்பதால் எடுக்க மாட்டான். எடுக்கவில்லை என்பதால் அவன் அம்மா எங்கள் எல்லோருடைய போனுக்கும் அழைப்பார்கள். அவர்கள் குரலைக் கேட்டால் எங்களுக்கும் அன்றைய பொழுது போய்விடும்.

அந்த ரூமில் மூத்தவர் ஒருவர், ராமநாதபுரம் பக்கம், ஒரு ஏற்பாடு செய்தார். அந்த அம்மாவிடம் பேசி, கடன் பேச்சுக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள், சம்பளம் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று வைத்தார். மற்ற நாளில் கடனைப் பற்றி அந்தப் பக்கமும் கேட்கக் கூடாது, இந்தப் பக்கமும் சொல்லக் கூடாது. சாப்பிட்டாயா, மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா, இவ்வளவுதான் பேச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவரும் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எவ்வளவு வந்தது, எவ்வளவு வட்டி, எவ்வளவு அசல் என்று எழுத வேண்டும். பத்து நாளில் அவன் போனை எடுக்கத் தொடங்கினான். இதைவிட நல்ல யோசனையை நான் இதுவரை கேட்டதில்லை. நீங்கள் இன்றைக்கே வீட்டில் பேசி இதைச் செய்யலாம்.

உங்கள் உண்மையான சம்பளத்தையும் அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுங்கள். ஓடி குறைந்ததை மறைத்து, பக்கத்து ரூமில் வாங்கி அனுப்புவது இரண்டு மாதம் ஓடும். அப்பாவுக்கு வருத்தமாக இருக்கும், இருக்கட்டும். உங்கள் கணக்கு அவருக்கும் தெரிந்தால் வட்டிக்காரரிடம் அவரால் பேச முடியும்.

வேலை முடிந்து வந்ததும் கட்டிலில் உட்காராதீர்கள். துண்டை எடுத்துக்கொண்டு நேராகக் குளிக்கப் போய்விடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் நாங்கள் பன்னிரண்டு பேரும் இதில்தான் பிழைத்தோம். காலையில் சாப்பாட்டு வரிசைக்கு முன்பே எல்லோரும் குளித்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். மாலையில் காரிடாரில் நடக்க அனுமதித்த பிறகு ஒருவரை ஒருவர் எழுப்பிக் கூட்டிப்போவோம். தானாக எழ முடியாதவனை இன்னொருவன் எழுப்ப வேண்டும். உங்கள் ரூமில் ஒருவரிடம் "என்னை ஆறரைக்கு எழுப்பிவிடுங்கண்ணே" என்று வாய்விட்டுக் கேளுங்கள். எங்களுக்கு இல்லாத வாசல் உங்களுக்குத் திறந்திருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை ரூமில் கிடக்காமல் தேக்கா போங்கள், கோயிலுக்குப் போங்கள், நூலகத்துக்குப் போய் உட்காருங்கள். உள்ளே போகக் காசில்லை, தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன, ஏசியும் இருக்கிறது.

தூக்கமின்மை வாரக்கணக்கில் போனாலோ, வாழ்ந்து என்ன என்ற நினைப்பு வந்தாலோ அதை ரூமுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வருடம் நம்மவர்கள் சிலரை நாம் இழந்தோம், அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. ஹெல்த்சர்வ் என்ற அமைப்பு வெளிநாட்டு ஊழியர்களுக்காகவே மனநல ஆலோசனை தருகிறது. கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ, பர்மிட் போய்விடுமோ என்று பயந்து பேசாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். பேசியவர்கள் இன்றும் இங்கே வேலை செய்கிறார்கள்.

கடைசியாக சம்பள விஷயம். உங்கள் ஐபிஏ கடிதத்தை (வேலை அனுமதிக்கு முன் வரும் கொள்கை ஒப்புதல் கடிதம்) எடுத்துப் பாருங்கள், தமிழிலும் கொடுத்திருப்பார்கள். அதில் போட்டிருக்கும் நிலையான மாதச் சம்பளத்தை, சைட்டில் வேலை இல்லை என்று சொல்லிக் கம்பெனி குறைக்க முடியாது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள், ஓடி 14 நாளுக்குள் வர வேண்டும். பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) கட்டாயம். வேலை கொடுத்ததற்கோ பர்மிட் புதுப்பிப்பதற்கோ கம்பெனியில் யாராவது காசு கேட்டால் அது குற்றம். குறைந்திருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சம்பளப் புகாரை ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதம்தான். கட்டுமானத் துறை என்றால் பர்மிட் முடிய 40 முதல் 21 நாள் இருக்கும்போது, பழைய கம்பெனி சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். அந்தத் தேதியை இப்போதே போனில் குறித்துவையுங்கள். ஊருக்குத் திரும்பி மறுபடி ஏஜென்டுக்குக் கொடுத்து வருகிற அடுத்த கடனை அது தவிர்க்கும்.

ஐபிஏவில் உள்ள பேசிக் எவ்வளவு, கடைசி மூன்று மாத பேஸ்லிப்பில் கைக்கு வந்தது எவ்வளவு, ஊரில் ஒவ்வொரு கடனும் யாரிடம் என்ன வட்டி, வீட்டில் நகை எங்கே இருக்கிறது: இவ்வளவையும் எழுதி அனுப்புங்கள், பெயர்கள் வேண்டாம். எதை முதலில் அடைப்பது, மாதம் எவ்வளவு அனுப்புவது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.