பிள்ளையின் படிப்புக்கு போனா, டெப்பா? வாங்குமுன் பார்க்க வேண்டியவை: கேள்வி பதில்

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாய்: சேர், மகள் தரம் 10. நோட்ஸ் எல்லாம் வட்ஸ்அப்புலதான் வருது. விலை குறைஞ்ச டெப் ஒன்னு பார்த்திருக்கோம். சிம் போட முடியாதாம். வாங்கலாமா?

வேண்டாம் அம்மா. சிம் இல்லாத டெப்புக்கு வைஃபை வேண்டும். வீட்டில் ரவுட்டர் இல்லாவிட்டால் உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டில்தான் ஓடும். நீங்கள் போனோடு வேலைக்குப் போனதும் மகளின் பாடம் நின்றுவிடும். டெப்பில் வட்ஸ்அப்பை உங்கள் போனோடு இணைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்தப் போனில் 14 நாட்களுக்கு வட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால் இணைப்பு அறுந்துவிடும்.

திரை அளவையும் பாருங்கள். ஏ4 வினாத்தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். 10 அங்குல டெப்பைப் படுக்கையாக வைத்தால் தாள் கிட்டத்தட்ட அதே அளவில் தெரியும். போனை நிமிர்த்திப் பிடித்தால் 7 சென்டிமீட்டர்தான், கணக்கின் அடுக்குக்குறிகூடக் கண்ணில் படாது. உயர்தரப் பிள்ளைக்கு சிம் போடக்கூடிய டெப் நல்லது. சாதாரண தரத்துக்கு 6.5 அங்குலப் போனைப் படுக்கையாகப் பிடித்துப் படித்தால் போதும். எதுவானாலும் ரெம் 4 ஜிபி, சேமிப்பு 64 ஜிபிக்குக் குறைய வேண்டாம்.

பொகவந்தலாவை: லயத்துக்குள்ள ஒரு கோடுதான் காட்டுது. எந்தப் போன் வாங்கினா சிக்னல் நல்லா பிடிக்கும்?

போனைப் பார்க்குமுன் இடத்தைப் பாருங்கள். கோடுகளை நம்ப வேண்டாம், கம்பனிக்குக் கம்பனி அவற்றை வேறு மாதிரிக் காட்டும். செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற கணக்கில் இருக்கும். மைனஸுக்குப் பின்னுள்ள எண் கூடக் கூட சிக்னல் குறைவு. 4ஜியில் மைனஸ் 90 அளவில் இருந்தால் நேரடி வகுப்பே பார்க்கலாம். மைனஸ் 105 என்றால் குரல் பதிவும் பிடிஎஃப்பும் வரும், வீடியோ திக்கும். மைனஸ் 115ஐத் தாண்டினால் அந்த மூலையில் எந்தப் போனும் உதவாது.

பிள்ளை படிக்கும் இடத்திலேயே நின்று அளவெடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் வேறு கம்பனி சிம் இருந்தால் கேட்டு வாங்கி அதையும் போட்டுப் பாருங்கள். பகலில் ஒரு தடவை, இரவு 7 மணிக்கு ஒரு தடவை. இரவில் டவரில் நெரிசல் கூடுவதால் அளவு நன்றாக இருந்தும் வேகம் விழும்.

தகரக் கூரை அலையைத் திருப்பி அடித்துவிடும். அதனால் டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் ஒரு பழைய போனை வைத்து ஹொட்ஸ்பொட் போட்டு, உள்ளே இன்னொன்றில் படிப்பது நல்ல வழி. போன் வாங்கும்போது 4ஜி பேண்ட் (அலைவரிசை) 3 மட்டுமல்ல, பேண்ட் 8உம் இருக்கிறதா என்று கேளுங்கள். பேண்ட் 8 என்பது 900 மெகாஹேர்ட்ஸ். பேண்ட் 3இன் 1800ஐ விட அது மலை மடிப்புகளையும் சுவரையும் கடந்து தூரம் வரும். சிக்னல் குறைந்த இடத்தில் போன் முழுப் பலத்தோடு அலை அனுப்புவதால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இரவில் பிளைட் மோடில் போடுங்கள்.

ஹட்டன்: பழைய போன் வாங்குறோம் அண்ணா. கடையில என்னென்ன பார்க்கணும்?

முதலில் *#06# அடியுங்கள் தம்பி. வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மெசேஜில் IMEI என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 1909க்கு அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். பதில் வருமுன் காசு கொடுக்க வேண்டாம்.

பிறகு பழைய சொந்தக்காரரின் கூகுள் கணக்கு. அதை நீக்காமல் ரீசெட் செய்த போன் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு அப்படியே நின்றுவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான். கடைக்காரரை உங்கள் கண் முன்னாலேயே கணக்கை நீக்கி, ரீசெட் செய்து, முகப்புத் திரை வரை கொண்டுவரச் சொல்லுங்கள்.

பேட்டரிக்கு, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி போனிலுள்ள வீடியோ ஒன்றை அரை மணி நேரம் ஓட விடுங்கள். 7, 8 சதவீதம் குறைந்தால் சரி. 15ஐத் தாண்டினால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். சார்ஜர் வயரைக் குத்தி மெதுவாக அசைத்துப் பாருங்கள், சார்ஜ் விட்டு விட்டு ஏறினால் துவாரம் தேய்ந்துவிட்டது.

தலவாக்கலை, ஆசிரியை: நான் அனுப்பும் குறிப்பு பிள்ளைகளின் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறதாம். போனில் பிழையா?

போனில் பிழையில்லை டீச்சர். நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறீர்கள். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. போனில் பாமினி இல்லாததால் அடியிலுள்ள ஆங்கில எழுத்து அப்படியே வெளியே வருகிறது. வேர்ட் கோப்பை பிடிஎஃப் ஆக சேமித்து அனுப்புங்கள், எழுத்துருவும் கூடவே போகும். இனி எழுதுபவற்றை எல்லாப் போனுக்கும் பொதுவான யுனிகோடில் எழுதினால் பிள்ளைகளால் ஒரு சொல்லைத் தேடவும், எடுத்து ஒட்டவும் முடியும். புதிதாக வாங்கும் போனையும் அப்படியே சோதியுங்கள்: தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து 'ஸ்ரீ', 'க்ஷ', 'கொ' அடித்து, எழுத்து உடையாமல் தெரிகிறதா என்று பாருங்கள்.

ராகலை: டேட்டா ரெண்டு நாள்ல முடிஞ்சிடுது.

வட்ஸ்அப் செட்டிங்ஸில் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். யூடியூப் பாடத்தின் படத் தரத்தை 360பியில் வையுங்கள், மணிக்கு ஏறத்தாழ 300 எம்பி போகும். 720பியில் 1 ஜிபியைத் தாண்டும். ஒரு நிமிடக் குரல் பதிவோ 150 கேபி அளவுதான். கல்வி அமைச்சின் இணையத்தளமான இ-தக்சலாவவில் உள்ள தமிழ்மொழிப் பாடங்களை சிக்னல் நல்ல இடத்தில் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியா: மழைக்காலத்துல போன் ஈரமாகி நின்னுடுது.

வெளியே குளிரில் இருந்த போனை அடுப்படிக்குக் கொண்டுபோனால் உள்ளே நீர் பூக்கும். கண்ணாடி ஜன்னல் வியர்ப்பது போலத்தான். சார்ஜ் துவாரம் ஈரமாக இருக்கும்போது வயரைக் குத்தினால் அதன் உலோகக் கால்கள் பச்சை பிடித்து அரித்துப்போகும். அணைத்து, துவாரம் கீழ்ப்பக்கம் இருக்கும்படி சாய்த்து, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், மாவும் தூசும் துவாரத்தை அடைக்கும். அடுப்புக்கு மேலும் காய வைக்காதீர்கள், சூட்டில் பேட்டரி உப்பிவிடும். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கியதுமே சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.